உட்காரும் கட்டம்

நடுவர் வாய் திறக்கவில்லை. உள்ளங்கையைக் கீழே தாழ்த்தி “உட்கார்” என்று சைகை மட்டும் காட்டினார். எழுந்து, பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, களத்துக்குள் ஒரு காலை வைத்துவிட்டிருந்த எங்கள் ரைடர் அப்படியே நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, தடுப்பில் இடது ஓரம் நிற்கிற கார்னர் பையன் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இவனைத் தாண்டி உள்ளே போனான். அணியிலேயே உயரமானவன், சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து பள்ளிகளுக்குப் பெயர் தெரிந்த பையன், மறுபடியும் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

குறுவட்டக் கபடிப் போட்டி. 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அரையிறுதி. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது, நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். இந்த வேலையில் 22 வருடம் ஓடிவிட்டது. ஜெயித்த கோப்பைகள் தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கின்றன. தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் விளையாட்டு ஒரு பையனுக்கு என்ன கொடுக்கிறது என்று யாராவது கேட்டால், கோப்பையோ தோல்வியோ என் நினைவுக்கு வருவதில்லை. அவன் அந்தக் கட்டத்துக்குள் திரும்ப உட்கார்ந்ததுதான் வருகிறது.

கபடியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிறவர்கள் கண்ணில் அந்தக் கட்டம் அதிகம் படாது. கேமரா, எதிரணிக்குள் பாடிப் போகிற ரைடர் பின்னாலேயே ஓடும். களத்தின் பின்கோட்டுக்கு வெளியே, அவுட்டானவர்கள் உட்காருவதற்கென்று ஓர் இடம் குறித்திருப்பார்கள். அங்கே எப்படி வேண்டுமானாலும் உட்கார முடியாது. முதலில் அவுட்டானவன் முதலில், அடுத்தவன் அடுத்து. உங்கள் அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் உங்களில் ஒருவர் உள்ளே போகலாம். ஒருவர் என்றால் யார் வேண்டுமானாலும் அல்ல, வரிசையில் முதலில் இருப்பவர். பயிற்சியாளர் மாற்ற முடியாது, கேப்டன் மாற்ற முடியாது. அணியின் நட்சத்திரம் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தால், அவனுக்கு முன்னால் இருக்கிற இரண்டு பேரும் உள்ளே போன பிறகுதான் அவன் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. எதிரணிக் களத்தில் இருக்கிற போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கிற புள்ளி எண்ணிக்கையில் சேரும், ஆனால் அதற்கு யாரும் உயிர் பெறுவதில்லை. எதிரணியில் ஓர் ஆள் வெளியேறினால்தான் உங்களில் ஓர் ஆள் திரும்பலாம். வெளியே உட்கார்ந்திருக்கிறவன் தன் கையால், தன் காலால், தன் திறமையால் செய்துகொள்ளக் கூடியது ஒன்றுமே இல்லை. இன்னொருவன் உள்ளே மூச்சைக் கட்டிப் பாடிப் போய் அவனை மீட்டுக் கொண்டுவர வேண்டும்.

முற்காலத்தில் கபடியை மூன்று விதமாக ஆடினார்கள். அவுட்டானவன் அவுட்டானவன்தான், அணி முழுவதும் விழும் வரை உள்ளே வரவே முடியாது என்பது காமினி. அவுட்டானாலும் களத்தைவிட்டு வெளியேறாமல் ஆடிக்கொண்டே இருக்கலாம், புள்ளி மட்டும் எதிரணிக்குப் போகும் என்பது அமர். மூன்றாவது சஞ்சீவனி. இன்று நாம் ஆடுவது சஞ்சீவனியின் வழியில் வந்தது. எவ்வளவு யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்! மூலிகை தேவைப்படுகிறவன் மயங்கிக் கிடக்கிறான். மலையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் வேறொருவன்.

அந்த ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் நான்கு பேர் உள்ளே, மூன்று பேர் வெளியே. வெளியே இருந்த வரிசை இது: முதலில் இடது கார்னர், அடுத்து மாற்று ஆளாக இறங்கிய ஒன்பதாம் வகுப்புப் பையன், மூன்றாவது நம் ரைடர். உள்ளே பாடிப் போகத் தெரிந்தவன் என்று இருந்தது ஒருவன்தான். குள்ளமானவன், பெரிய வேகமும் கிடையாது. பயிற்சியில் ரைடர் அவனை ஒரு தடவைகூட முதல் ரைடு போக விட்டதில்லை. அவன் முதலில் போனஸ் எடுத்தான். ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கட்டத்தில் யாரும் அசையவில்லை. அடுத்து போன போது காலை நீட்டி எதிரணித் தடுப்பில் கவர் இடத்தில் நின்ற பையனின் கால் விரலைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டின்மேல் குப்புற விழுந்தான். அப்போதுதான் நம் ரைடர் எழுந்தான். விதி தெரியாமல் எழுந்திருக்கவில்லை. இந்த நேரத்தில் தன்னைவிட்டால் வேறு யாரை அனுப்புவார்கள் என்ற நினைப்பில் எழுந்தான். அது வரை அவன் வாழ்க்கையில் யாரும் அவனுக்கு முன்னால் இன்னொருவனை அனுப்பியதில்லை.

அவன் திமிர் பிடித்தவன் என்று எழுதினால் அநியாயம். கெட்ட பையன் இல்லை. அவன் ரைடு போகிற காட்சிகளைப் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டி, அவனுடைய மாமா மகன் கைபேசியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஊர்ப் பொங்கல் போட்டியில் மைக் பிடித்தவர் அவனைச் ‘சிங்கம்’ என்று கூப்பிட்டார். பதினாறு வயதுப் பையனை ஊரே சிங்கம் என்றால் அவன் வேறு என்னதான் செய்வான்? நாங்கள்தான் அப்படி ஆக்கினோம். நானும் அதில் ஒருவன். மற்ற பையன்கள் களத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது அவன் வேப்பமரத்தடியில் ஷூ நாடா கட்டிக்கொண்டிருப்பான். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். காலில் காயம் பட்டுவிடக் கூடாது, ஆட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

திரும்ப உட்கார்ந்த பிறகு அவன் முகத்தை நான் கவனித்தேன். முதல் ஒரு நிமிடம் கோபம். புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அடுத்து எதிரணி ரைடர் வந்தான். இடது கார்னர் பையன் அவன் கணுக்காலைப் பிடித்து விடாமல் கிடந்தான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். ஒருவன் உயிர் பெற வேண்டும். வரிசையில் ஒன்பதாம் வகுப்பு. அந்தச் சின்னவன் எழுந்திருக்கவே பயந்தான். பக்கத்திலிருந்த பெரியவனைப் பார்த்து, “அண்ணே, நீங்கள் போகிறீர்களா?” என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. ஒரு வினாடி யாரும் பேசவில்லை. பிறகு இவன் சொன்னான்: “உன் முறைதான். போ. வலது பக்கம் வருகிறவன் திரும்பும்போது முதுகைக் காட்டுவான், அப்போது பிடி.” சொல்லிவிட்டு, அவன் இரண்டு எட்டு வைத்த பிறகு பின்னாலிருந்து கேட்டான்: “டேய், உன் பெயர் என்ன?”

மூன்று மாதம் ஒரே களத்தில் காலையும் மாலையும் பயிற்சி எடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் அவன் உள்ளே போனபோது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. ஒரு ரைடு போனான், ஒரு புள்ளி எடுத்தான். ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

அன்று மாலை டவுன் பஸ்ஸில் வரும்போது அவன் அப்பா கைபேசியில் கூப்பிட்டார். மறுநாள் நேரிலும் வந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், கையில் கிரீஸ் கறையோடு வந்து நின்றார். “அந்த இரண்டு பையன்களுக்குப் பதில் என் பையனை அனுப்பியிருந்தால் ஜெயித்திருக்கலாமே சார்?” என்றார். விதியைச் சொன்னேன். “விதி சரி சார், நீங்கள் ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒன்று அந்த வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவர் பயந்தது மகனின் எதிர்காலத்துக்காக. ஆனால் அவர் கேட்டது, வரிசையில் முன்னால் நிற்கிற இன்னொரு வீட்டுப் பிள்ளையை ஒதுக்கிவிட்டுத் தன் பிள்ளையை அனுப்பச் சொல்லித்தான். வீட்டில் இப்படிக் கேட்டு வளர்கிற பையன் களத்தில் எப்படி உட்காருவான்?

விளையாட விட்டாலே பிள்ளைகள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுவிழா மேடைகளில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நான் பார்த்த வரை அது உண்மை இல்லை. கபடி ஆடி ஆடி முரடாகிப்போன பையன்களையும் பார்த்திருக்கிறேன். தொடையில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குகிறவன், நகத்தை வெட்டாமல் வந்து நடுவர் பார்க்கும்போது விரலை மடக்கிக்கொள்கிறவன், விழுந்தவன் முழங்கையை மிதித்துவிட்டுத் தெரியாததுபோல் போகிறவன், எல்லோரும் யாரோ ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். களம் எதையும் தானாகக் கற்றுத்தருவதில்லை. களத்தோரம் நிற்கிற ஆள் எதைக் கண்டிக்கிறார், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பதைப் பையன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. செய்த தவறு ஒன்றை 14 வருடமாகச் சுமந்துகொண்டிருப்பதால் சொல்கிறேன்.

அது ஒரு மாவட்ட அளவிலான இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சமம், கடைசி ரைடுகள். எதிரணிப் பையன் பாடி வந்தான். திரும்பிப் போகும்போது கையைப் பின்னால் வீசினான். எங்கள் வலது கார்னர் பையனின் முழங்காலுக்குக் கீழே விரல் பட்டது. நான் நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நடுவருக்குத் தெரியவில்லை, கோட்டு நடுவருக்கும் தெரியவில்லை. “தொட்டேன் சார், தொட்டேன்” என்று அந்தப் பையன் நடுக்கோட்டில் நின்று கத்தினான். எங்கள் பையன் பாதிக் கையைத் தூக்கினான். தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

நான் தலையை லேசாக அசைத்தேன். வேண்டாம் என்று.

கை இறங்கியது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். பரிசளிப்பின்போது எடுத்த படத்தில் எல்லோரும் கோப்பைமேல் கை வைத்திருக்கிறார்கள். அவன் மட்டும் ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து கேட்டான்: “சார், நான் கையைத் தூக்கியிருந்தால் என்னை அணியை விட்டு எடுத்திருப்பீர்களா?” எனக்கு உடனே பதில் வரவில்லை. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “போய்ப் படிக்கிற வேலையைப் பார்” என்றேன். அடுத்த வருடம் அவன் களத்துக்கு வரவில்லை. பிளஸ் டூ என்று வீட்டில் தடுத்துவிட்டதாகச் சொன்னான். காரணம் அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பல வருடம் கழித்து அவன் கடைக்கே போய், அன்று நான் செய்தது தப்பு என்று சொன்னேன். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான், கல்யாணமாகிவிட்டது. கொஞ்ச நேரம் ஒயர் சுருளைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “எனக்கும் ஞாபகம் இருக்கிறது சார்” என்றான். பிறகு டீ வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினான். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. அவன் அப்படிச் சொல்லாததற்காக அவன்மேல் எனக்கு மரியாதை கூடியது.

தொட்டது தெரிந்தால் நடுவருக்காகக் காத்திருக்காமல் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது கபடியில் இன்றும் இருக்கிற வழக்கம். பெரிய போட்டிகளிலும் பார்க்கலாம். அதை நான் இப்போது பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன். கைதூக்குகிறவனை நான் பாராட்டுவதில்லை. ஆரம்பத்தில் பாராட்டிப் பார்த்தேன். இரண்டே நாளில், படாத விரலுக்கும் கைதூக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கிற பையன்கள் வந்துவிட்டார்கள். ஷூவைக் கழற்றி வைப்பதுபோல, தண்ணீர் குடிப்பதுபோல, சாதாரணமாக நடந்துபோக வேண்டும். அவ்வளவுதான்.

பழைய சடுகுடுப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவற்றில் பெரும்பாலும் வீம்புதான். நான் இன்னாரின் பேரன், உன்னை என்ன செய்கிறேன் பார் என்கிற சவால். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அதைப் பாடிக்கொண்டுதான் கோட்டைத் தாண்டினார்கள். ஆனால் அந்த வீம்பை ஒரே மூச்சில் பாட வேண்டும். மூச்சுவிட்டால் அவுட். இன்றைக்கு ரைடுக்கு 30 வினாடி, பாட்டும் ‘கபடி கபடி’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. என்றாலும் அந்தச் சொல் நடுவர் காதில் விழாமல் நின்றால் போன வழியே திரும்ப வேண்டியதுதான். எதிரணிக் களத்தில் ஏழு பேருக்கு நடுவே, மூச்சு இருக்கும் வரைதான் உனக்கு அங்கே இடம். இதைப் பையன்களிடம் பேசிப் புரியவைக்க முடியாது. நுரையீரல் எரியும்போது அவர்களுக்கே தெரிகிறது.

எல்லோருக்கும் ரைடராக வேண்டும் என்பது இந்தத் தலைமுறையின் ஆசை. பிடிக்கிற பையன்களை யாரும் படம் எடுப்பதில்லை. நான் அவர்களிடம் சொல்வது தர்மராஜ் சேரலாதனைப் பற்றி. நம் பக்கத்துத் தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். 2016 உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தவர், நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் இருபது வயதுப் பையன்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். ரைடர் இல்லை, தடுப்பு ஆட்டக்காரர். தன்னைத் தேடி வருகிறவனுக்காகக் காலை மடக்கிக் காத்திருப்பதுதான் அவர் வேலை. அவ்வளவு வருடம் அந்த வேலையைப் பொறுமையாகச் செய்திருக்கிறார்.

தோற்கக் கற்றுக்கொடுக்க நான் எடுத்துக்கொள்வது 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 1990 பெய்ஜிங்கில் கபடி பதக்கப் போட்டியாக நுழைந்ததிலிருந்து 2014 இஞ்சியோன் வரை ஆண்கள் தங்கம் ஏழு முறையும் நமக்குத்தான். எட்டாவது முறை அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று வீழ்த்தியது. பெண்கள் இறுதியிலும் அதே ஈரானிடம் 27-24. அந்த ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பையன் கேட்டுவிடுவான்: “அது துரோகம் இல்லையா சார்?”

அந்தக் கேள்விக்காகவே நான் அந்தக் கதையைச் சொல்கிறேன். “எதிரே நிற்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது என்றால் நீ யாரிடம் போய்ப் பாடுவாய்?” என்று திருப்பிக் கேட்பேன். சிலர் யோசிப்பார்கள். சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வாதாடுவார்கள். வாதாடட்டும். எதிரணி என்பது விரோதி இல்லை, அவன் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பதைப் பதினைந்து வயதில் ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்தால் போதும். 2023இல் ஹாங்சோவில் இரண்டு தங்கமும் திரும்ப வந்தன. அதையும் சொல்லிவிடுவேன்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் நம் பிள்ளைகள் இரண்டு தங்கம் வாங்கினார்கள். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் எங்களுக்குப் பக்கத்து ஊரான வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ். மறுநாள் காலை எங்கள் களத்தில் வழக்கத்தைவிட இருபது பிள்ளைகள் அதிகம். அதில் ஏழு பேர் பெண் பிள்ளைகள், இது வரை ஒதுங்கி எறிபந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தியின் அம்மா வாசலில் வந்து நின்று, “டிராயர் போட வேண்டியிருக்குமா சார்?” என்று தயங்கிக்கொண்டே கேட்டார். டிராக் பேண்ட் போட்டே ஆடலாம் என்றேன். மகளை விட்டுவிட்டுப் போனார். அந்த இருபதில் எத்தனை பேர் நிலைப்பார்கள் என்பது வேறு விஷயம். மழை வலுத்துக் களம் சேறானால் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஆனால் அன்று நான் அவர்களிடம் இரண்டு இறுதி ஆட்டங்களின் முடிவையும் கரும்பலகையில் எழுதினேன். பெண்கள் 75-21. ஆண்கள் 35-32. இரண்டிலும் எதிரே ஈரான்தான். “75 எடுத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டீர்கள். 21 எடுத்த பிள்ளைகள் அன்று ராத்திரி என்ன செய்திருப்பார்கள்?” என்று கேட்டேன். ஒரு பெண் சொன்னாள்: “மறுநாள் காலையில் பிராக்டிஸ் போயிருப்பார்கள் சார்.” இன்னொருத்தி சொன்னாள்: “அழுதிருப்பார்கள்.” இரண்டும் நடந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் ஒன் மாணவனை இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. அவன் பட்டியல் சாதியைச் சேர்ந்த பையன். ஊர்க் கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததைப் பொறுக்க முடியாமல்தான் செய்தார்கள் என்று வீட்டார் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் பயிற்சி நடத்தவில்லை. பையன்களை உட்காரவைத்து அதைப் படித்துக் காட்டினேன். பனியன் நிறத்திலும் அணிப் பெயரிலும் சாதி எப்படி நுழைகிறது என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே பார்க்கிறார்கள். கபடியில் ஒருவனை ஒருவன் தொட்டுத்தான் ஆக வேண்டும். இடுப்பைப் பிடிக்க வேண்டும், வியர்வையோடு வியர்வை உரச வேண்டும், சங்கிலிப் பிடிக்குப் பக்கத்தில் இருப்பவன் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். எவன் கையைக் கோக்க மறுக்கிறானோ அவனுக்கு என் அணியில் இடமில்லை என்பதை ஒரு தடவை வெளிப்படையாகவே சொல்ல வேண்டி வந்திருக்கிறது. சொன்னேன். நன்றாக ஆடுகிற ஒரு பையனை அதில் இழந்தேன். வருத்தமில்லை.

பி.இ.டி. பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கேட்கிற வழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஜனவரிக்குப் பிறகு மைதானமே கிடையாது. தேர்வு முக்கியம்தான். ஆனால் கணக்குத் தேர்வில் ஒரு பையன் தோற்றால் அது அவனுக்கும் விடைத்தாளுக்கும் நடுவில் முடிந்துவிடும். இருநூறு பேர் பார்க்கத் தோற்று, தோற்கடித்தவன் கையைக் குலுக்கி, அவனோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்து, ஒரே பஸ்ஸில் ஊர் திரும்புவதற்கு வேறு பாடவேளை ஏது?

அந்த உயரமான பையனுக்கு வருகிறேன். அரையிறுதிக்கு மறுவாரம் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான் களத்துக்குப் போனபோது கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். மண்ணில் இரண்டு நாள் ஆடாவிட்டாலே சின்னச் சின்னக் கற்கள் மேலே வந்துவிடும். விழுந்தால் முழங்கையைக் கிழித்துவிடும். யாரும் சொல்லி அவன் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையனும் கூட இருந்தான். இரண்டு பேரும் ஒரு சிமெண்ட் சாக்கை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாளியை எடுத்துத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தேன்.

ஒரே நாளில் அவன் மாறிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அந்த வருடமே இரண்டு தடவை நடுவரிடம் கத்தினான், ஒரு தடவை நான் அவனை ஒரு முழு ஆட்டமும் வெளியே வைத்தேன். மாநிலப் போட்டிக்கும் போகவில்லை. மண்டலத் தேர்விலேயே இரண்டாம் சுற்றில் வெளியேறினான். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், அங்கே அணியில் மாற்று ஆள். அவன் அப்பா இப்போதும் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று ஆட்டம் பார்ப்பார், முன்புபோல் சத்தம் போடுவதில்லை.

போன சனிக்கிழமை அவன் ஊருக்கு வந்திருந்தான். சாயங்காலம் களத்துக்கு வந்து, சின்னப் பையன்களோடு இறங்கி ஆடினான். மூன்றாவது ரைடில் ஏழெட்டுக் கைகள் சேர்ந்து அவனை மடக்கிவிட்டன. அவ்வளவு பெரிய ஆளைப் பிடித்த சந்தோஷத்தில் அந்தக் குட்டிகள் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! அவன் சிரித்துக்கொண்டே மண்ணைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அடுத்ததாக அவன் அணிப் பையன் ஒருவன் அவுட்டானான். புதிதாகச் சேர்ந்தவன், எட்டாம் வகுப்பு. கட்டத்துக்குப் போகாமல், கண்ணில் தண்ணீர் தேங்க, வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் கூப்பிடப் போனேன். அதற்குள் இவன் தன் பக்கத்து மண்ணைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்தினான்.

“இங்கே வா தம்பி. எனக்கு அடுத்து நீ.”

பையன் வந்து உட்கார்ந்தான்.

“உன் பெயர் என்ன?”